கால் பவுனுக்குள் ஒரு பிழைப்பு

பெரம்பலூர், அரியலூர் பத்தர்களின் பட்டறை, கடை, கணக்கு

மாவட்டத் தலைநகராகி முப்பது ஆண்டு ஆகியும் பெரம்பலூருக்கு ரயில் வரவில்லை. அந்த ஊர்ப் பத்தர்களின், அதாவது பொற்கொல்லர்களின், பட்டறைக்குத் தங்கம் இன்றும் பஸ்ஸில்தான் வந்து சேர்கிறது. சட்டைக்குள் இடுப்போடு கட்டிய துணிப்பையில் வாடிக்கையாளர் கொடுத்த பழைய நகை இருக்கும். திருச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அங்கே பெரிய கடைவீதியிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்தத் தங்கம்) பார்ப்பது ஒரு கடை, உருக்கிச் சுத்தம் செய்வது ஒரு கடை, கம்பி இழுத்துத் தருவது ஒரு கடை, கல் வாங்குவது இன்னொரு கடை. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அரியலூர்ப் பத்தருக்கு விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் ரயில் உண்டு. ஜெயங்கொண்டத்துக்காரருக்குக் கும்பகோணம் பக்கம். போகும் வழி வேறானாலும், அடுத்தவர் வீட்டுத் தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்க் குந்துமணி குறையாமல் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்.

பெரம்பலூரும் அரியலூரும் நகைக்குப் பேர்போன ஊர்கள் அல்ல. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மாவட்டம் பெரம்பலூர். சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், முந்திரிக்காடுகள் என்று விரிந்து கிடப்பது அரியலூர். இங்கே தங்கம் வாங்குவது அணிந்து காட்ட மட்டும் அல்ல. வெங்காயம் நல்ல விலைக்குப் போன ஆண்டில் தோடு வரும். அடுத்த விதைப்புக்கு உரம் வாங்கப் பணம் இல்லையென்றால் அதே தோடு அடகுக்குப் போகும். லப்பைக்குடிக்காடு மாதிரி வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர்களுக்குத் துபாய்த் தங்கம் வரும். அங்கிருந்து வந்த வளையலைக் கைக்குத் தக்கபடி அளவு மாற்றவோ, சங்கிலியில் ஒரு கண்ணி எடுக்கவோ இங்கே உள்ள ஒரு பத்தரிடம்தான் வந்தாக வேண்டும்.

முக்கியச் சாலைகளில் ஏ.சி. போட்ட நகைக்கடைகள் வந்துவிட்டன. பேனரில் நடிகை, பக்கத்தில் சேதாரத் தள்ளுபடி. பத்தர் கடை அந்த வரிசையில் இருக்காது. கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய அளவில் இருக்கும். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி; அதில் சில மூக்குத்தி, குழந்தைக் கம்மல், வெள்ளிக் கொலுசு, மெட்டி. பின்னால் பட்டறை. அந்தப் பட்டறைதான் இந்தக் கட்டுரைக்குப் பொருள். கடையின் பெயர்ப்பலகையில் ‘ஜுவல்லர்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது ‘பத்தர் கடை’தான்.

நாளின் முதல் பாதி பெரும்பாலும் பழுது பார்ப்பதிலேயே போய்விடும். “பத்தரே, ஜிமிக்கி ஒண்ணு நசுங்கிப்போச்சு, நாளன்னைக்கு விசேஷம்” என்று ஒரு அம்மா வருவார். “வச்சுட்டுப் போங்கம்மா, சாயங்காலம் வாங்கிக்குங்க” என்று ஒரு காகிதத்தில் மடித்துப் பெயர் எழுதி வைப்பார் பத்தர். திருகாணி மரை தேய்ந்த தோடு, கொக்கி விட்டுப்போன சங்கிலி, கல் விழுந்த மோதிரம், அறுந்த கொலுசு. ஷோரூமில் இவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும் ‘கம்பெனிக்கு அனுப்பிப் பத்து நாளில் தருகிறோம்’ என்பார்கள். அறுந்த சங்கிலியை ஒட்டுவதற்கு வாங்கும் கூலி, ஒரு சாப்பாட்டுச் செலவுக்கு மேல் அதிகம் போகாது. ஆனால் ஷோரூமுக்குப் போய்விட்ட குடும்பத்தையும் இந்தச் சில்லறை வேலைதான் மறுபடி பத்தர் கடைப் படி ஏற வைக்கிறது.

ஒட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கூலி எவ்வளவு குறைவு என்பது புரியும். அறுந்த இடத்தை இடுக்கியால் சேர்த்துப் பிடித்து, வெங்காரத்தை நீரில் குழைத்துத் தடவி, தங்கத்தைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகும் பொடியைச் சாமணத்தால் எடுத்து அந்த இடத்தில் வைப்பார். பிறகு ஊதுகுழல். இன்று கேஸ் டார்ச் வந்துவிட்டது. நுணுக்கமான இடத்துக்கு மட்டும் வாயால் ஊதுகிற குழலையே எடுக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொடி உருகிப் பளிச்சென்று ஓடும் கணத்தில் தீயை விலக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் பக்கத்துக் கண்ணியும் சேர்ந்து உருகிவிடும். நஷ்டம் பத்தருடையது.

இந்தப் பொடிக்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடி வைத்தால் ஒட்டுகள் நிறைந்த நகையில் தரம் குறைந்தது. அதற்கு மாற்றாகக் காட்மியம் கலந்த பொடி வந்தது. ‘கேடிஎம் நகை’ என்று கடைகள் விளம்பரமே செய்தன. காட்மியம் சுடும்போது ஆவியாகிப் போய்விடும், தங்கத்தின் தரம் குறையாது. ஆனால் அந்த ஆவி ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் குனிந்தபடியே ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தார்கள். நகை வாங்கியவர்களுக்குத் தரத்தின் அடையாளமாகத் தெரிந்த மூன்றெழுத்து, செய்தவரின் உடலைத் தின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் காட்மியத்தை ஏற்பதில்லை. இப்போது துத்தநாகம் போன்றவை கலந்த பொடிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

தாலிக்குப் பொன்

பத்தருக்குப் பெருமை தரும் வேலை தாலிதான். இந்தப் பக்கத்தில் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டில் தேங்காய், பழம், மஞ்சளோடு பொன்னைக் கொண்டுவந்து கொடுப்பது பல குடும்பங்களில் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு சாதிக்கும், சில இடங்களில் ஒவ்வொரு கிளைக்கும் தாலியின் அமைப்பு மாறும். பொட்டுத்தாலி, பிள்ளையார் தாலி, சிறுதாலி என்று பெயர்கள் பல. ‘எங்க வீட்டுத் தாலி’ என்று சொன்னால் போதும், எந்த ஊர், எந்த வகையறா என்று கேட்டுவிட்டு அச்சை எடுப்பார் பரம்பரைப் பத்தர். இந்த அறிவு எந்தக் கேட்டலாக்கிலும் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் அந்த வீட்டுப் பாட்டிக்குச் செய்து கொடுத்தவரின் பேரன் நினைவில் இருக்கிறது.

வேலை தங்கம் உருக்கும் மூசையில் தொடங்கும். சுத்தத் தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். 22 காரட் என்றால் ஒரு பவுனில், அதாவது 8 கிராமில், சுத்தத் தங்கம் 7.33 கிராம், மீதி செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் சிவப்பு ஏறும், வெள்ளி கூடினால் வெளிறும். உருக்கிய தங்கத்தை ஊற்றி ஆறவைத்து, பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டித் தகடாக்குவார்கள். தட்டத் தட்டத் தங்கம் இறுகும். மறுபடி சுட்டு இளக்க வேண்டும். அப்புறம் வெட்டுவது, அச்சில் அடிப்பது, வளையம் வைத்து ஊதுவது, அரம் போடுவது. கடைசியில் திராவகத்தில் நனைத்து, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்து மெருகு ஏற்றுவது. அரம் போடும்போது விழும் தூளுக்காக மடியில் துணி விரித்திருக்கும். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்டுவதில்லை. சாம்பலையும் மண்ணையும் சேர்த்துவைத்து, அரித்துத் தங்கம் எடுப்பவர்களுக்கு விற்பார்கள்.

தமிழக அரசே ஒரு காலத்தில் இந்த வேலையைப் பெருக்கியது. 2011 முதல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டங்களில் தாலிக்கு 4 கிராம் 22 காரட் தங்கக் காசு சேர்ந்தது. 2016இல் அது 8 கிராமானது. காசைத் தாலியாக்க ஊர்ப் பத்தர்தானே வேண்டும். பெரம்பலூர், அரியலூர் போன்ற, கூலி வேலைக் குடும்பங்கள் அதிகமுள்ள மாவட்டங்களில் அது பட்டறைகளுக்குக் கிடைத்த நல்ல வேலை. 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான பெரிய திருமண உதவித் திட்டம், பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றப்பட்டது. பெண்களுக்கு அது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. பட்டறைக்கு வந்த காசு மட்டும் குறைந்தது.

காது குத்துவதும் பத்தர் வேலைதான். குலதெய்வக் கோயிலில், மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, கூர் தீட்டிய தங்கக் கம்பியால் ஒரே குத்து. குழந்தை அழத் தொடங்கும்போது கம்பி வளைந்து முடிந்திருக்க வேண்டும். திங்கள், வெள்ளிகளில் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் மாதிரி இடங்களுக்குக் குடும்பங்கள் வேன் பிடித்து வரும்போது பத்தரையும் கூடவே அழைத்து வருவதுண்டு. தட்டில் அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, தட்சிணை. அன்று கம்மல் செய்து போட்ட வீட்டிலிருந்து இருபது ஆண்டு கழித்துத் தாலிக்கு வருவார்கள் என்பது பத்தரின் நம்பிக்கை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் பட்டறை தூங்கும். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்குக் காதுகுத்தும் ஆடிப்பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்றும்போது வாங்கும் குண்டும் காசும்தான் கை கொடுக்கும்.

சட்டம் விட்டுவைத்த இடம்

மூக்குத்தி, குழந்தைக் கம்மல், பொட்டுத்தாலி, தாலிக் குண்டு, திருகாணி. பத்தர் கடையில் செய்து விற்கும் புது நகைகளைப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே சிறியவை. இதற்கு வாடிக்கையாளரின் வசதி மட்டும் காரணமில்லை. சட்டமும் காரணம்.

ஹால்மார்க் முத்திரையை பிஐஎஸ் 2000ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியபோது அது கடைக்காரரின் விருப்பம். 2021 ஜூனில், முதல் கட்டமாக நாடு முழுக்க 256 மாவட்டங்களில், கட்டாயமானது. அடுத்த மாதமே ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம், அதாவது ஹெச்யுஐடி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாய ஹால்மார்க் உள்ள இடங்களில் அந்த அடையாளம் இல்லாத ஹால்மார்க் நகையை விற்க முடியாது. வாங்குகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. நகையில் பொறித்த எண்ணைக் கைபேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் எந்தக் கடை, எந்த மையம், என்ன தரம் என்று தெரிந்துவிடும். இந்தச் சட்டம் வந்திருக்கவே கூடாது என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

அந்த உத்தரவில் பத்தரைத் தொடும் இரண்டு விலக்குகள் இருந்தன. ஒன்று, 2 கிராமுக்குக் குறைவான பொருளுக்கு முத்திரை தேவையில்லை. இரண்டு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைக்குக் கட்டாயமில்லை. இரண்டு கிராம் என்பது சரியாகக் கால் பவுன். கால் பவுனுக்குக் குறைந்த நகையை ஊர்ப் பத்தர் யாரிடமும் போகாமல் தானே செய்து விற்கலாம். அவர் பட்டறை அந்த அளவுக்குள் சுருங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது விலக்கில்தான் கோளாறு. 2021 ஜூனில் சென்னையில் ஒரு பவுன் சுமார் 36,500 ரூபாய். 40 லட்சத்துக்கு ஏறக்குறைய 110 பவுன் விற்கலாம். மாதம் ஒன்பது பவுன். 2025 ஜனவரியில் பவுன் முதன்முறையாக 60,000 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் 70,000, செப்டம்பரில் 80,000, அக்டோபரில் 90,000. தொண்ணூறாயிரத்துக்குக் கணக்குப் போட்டால் 40 லட்சத்துக்கு 44 பவுன்தான்; மாதம் நாலு பவுனுக்கும் குறைவு. பத்தர் ஒரு குந்துமணி கூடுதலாக விற்கவில்லை. வேலையும் கூடவில்லை. தங்கம் ஏறியதாலேயே அவர் ‘பெரிய கடை’ ஆகிவிடுகிறார். பொருளுக்கு எடையால் அளவு வைத்த அரசு, கடைக்கு மட்டும் ரூபாயால் அளவு வைத்தது. ஜிஎஸ்டி பதிவுக்கும் பொருள் விற்போருக்கு அதே 40 லட்சம்தான் எல்லை.

வாடிக்கையாளர் கொடுக்கும் தங்கத்தில் கூலிக்குச் செய்து கொடுத்தால் கூலி மட்டுமே வரவு என்பதால் அந்த எல்லையைத் தொடுவது கடினம். பழைய வழக்கமே அதுதான். ஆனால் இன்று வீட்டில் கட்டித் தங்கம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ‘நீங்களே தங்கம் போட்டுச் செய்யுங்க, பாதி இப்ப, பாதி அறுவடை முடிஞ்சு’ என்பவர்களே அதிகம். அங்கே பத்தர் வியாபாரியாகிறார். வியாபாரியின் ஆபத்தும் அவர் தலையில் விழுகிறது. பவுன் 80,000 இருக்கும்போது ஐந்து பவுனுக்கு விலை பேசிச் சிறு முன்பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் வந்து, திருச்சிக்குப் போய்த் தங்கம் எடுக்கும்போது 83,000 ஆகியிருந்தால் 15,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். செய்கூலி முழுவதும் சேர்ந்தாலும் அதை ஈடுகட்டாது. 2025இல் விலை ஏறிய வேகத்தில் இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, முழுப் பணம் வந்தபின்தான் விலை என்று பத்தர்கள் சொல்லத் தொடங்கினார்கள். தவணைத் திட்டமும் கையிருப்பும் உள்ள பெரிய கடைக்கு வாடிக்கையாளர் நகர்ந்துபோக அது இன்னொரு காரணமாயிற்று.

ஆனால் கூலியில் பத்தர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை வாசகர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஷோரூமில் சேதாரமும் செய்கூலியும் தங்க விலையின் சதவீதமாக வருகின்றன. 2023இல் பவுன் 45,000 ரூபாய் அளவில் இருந்தபோது பத்து சதவீதம் என்றால் 4,500. பவுன் 90,000 ஆனபோது அதே சங்கிலிக்கு, அதே இயந்திரம் அதே நேரத்தில் செய்த வேலைக்கு, 9,000. தங்கத்தோடு சேர்ந்து கூலியும் இரட்டிப்பானது. செய்த தொழிலாளிக்குக் கூலி இரட்டிப்பாகவில்லை. ஊர்ப் பத்தர் பெரும்பாலும் கிராமுக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு என்று ரூபாயில் கூலி பேசுபவர். தங்கம் ஏறிய நாளில் அவர் கூலி தானாக ஏறாது. நகைக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி என்று பில்லில் பார்த்துக் கவலைப்படுகிறோம். அதற்கு மேலே இருக்கும் சேதார வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்னும் ஒரு முறை

இந்தத் தொழில் சட்டத்தால் அடிபடுவது புதிதல்ல. 1962 சீனப் போருக்குப் பின், அன்னியச் செலாவணியைக் காக்கவும் தங்கக் கடத்தலைத் தடுக்கவும் என்று சொல்லி, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது அந்த விதி. பதினான்கு காரட் தாலியை எந்தத் தாய் ஏற்பாள்? வேலை ஒரே நாளில் நின்றது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. 1966இல் காரட் தடை நீங்கியது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது: தனியார் தங்கக் கட்டி வைத்திருக்கக் கூடாது, பொற்கொல்லர் சான்று பெற வேண்டும், கையிலிருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கடத்தல் குறையவில்லை, கள்ளச் சந்தை வளர்ந்தது. கடைசியில் 1990இல், மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது, அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள். இதற்கிடையில் ஒரு தலைமுறை பத்தர்கள் பிள்ளைகளைப் பட்டறையில் உட்காரவைப்பதை நிறுத்தியிருந்தார்கள். இன்று அறுபதைத் தாண்டிய பத்தர்கள் கடையில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கான காரணம் ஷோரூம்களில் மட்டும் இல்லை, அந்த ஆண்டுகளிலும் இருக்கிறது.

பிழைக்க அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று வங்கி. பெரம்பலூர், அரியலூர் மாதிரி விவசாய மாவட்டங்களில் வங்கிக் கிளையும் கூட்டுறவுச் சங்கமும் நகைக்கடனில்தான் ஓடுகின்றன. நகையை உரைகல்லில் உரைத்து, திராவகம் விட்டு, எடை போட்டு ‘இவ்வளவு தரலாம்’ என்று சொல்பவர் நகை மதிப்பீட்டாளர். பல கிளைகளில் அவர் ஊர்ப் பத்தர். வங்கி ஊழியர் அல்லர். ஒவ்வொரு கடனுக்கும் சிறு கமிஷன் மட்டும். காலை பத்து மணிக்கு வங்கியில் உட்கார்ந்தால், கடையை மகனோ மனைவியோ பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே செம்பும் மேலே கனமான தங்க முலாமும் உள்ள நகை தப்பிப் போய்விட்டால், பல லட்சத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் வழக்கும் சேர்ந்துகொள்ளும். சில ஆயிரம் ரூபாய்க் கமிஷனுக்கு லட்சக்கணக்கில் பொறுப்பைச் சுமக்கவைக்கும் இந்த ஏற்பாடு சரியில்லை. மாதச் சம்பளம் தர முடியாவிட்டால் காப்பீடாவது தர வேண்டும்.

வழக்கு என்றதும் பத்தர்கள் எல்லாரும் அஞ்சுவது வேறொன்றுக்கு. யாரோ திருடிய நகையைத் தெரியாமல் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு. இரண்டிலும், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிய நியாயமான காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். நடைமுறையில், பிடிபட்டவன் ஒரு பத்தரின் பெயரைச் சொன்னாலே போதும் என்று ஆகிவிடுகிறது, ‘அத்தனை பவுனை எடுத்து வை’ என்று மிரட்டுகிறார்கள் என்பது தமிழகம் முழுக்கப் பொற்கொல்லர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார். விசாரணைக்கு எழுத்துமூலம் அழைப்பாணை, பறிமுதல் செய்யும் நகைக்கு எடையுடன் மகஜர் என்று சட்டம் சொல்லும் வழியிலேயே காவல்துறை நடந்தால் பாதிப் பயம் போய்விடும். பத்தரும் விற்க வந்தவரின் அடையாள அட்டை நகல் இல்லாமல் பழைய நகையைத் தொடக் கூடாது.

பொற்கொல்லர் மேல் சந்தேகம் நம் ஊரில் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மேல் பழி போட்டவனே ஒரு பொற்கொல்லன். ‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்’ என்று பழமொழி வேறு. இது பெரும்பாலும் அநியாயம் என்றாலும், முழுப் பழியையும் உலகத்தின் மேல் போடவும் முடியாது. 22 காரட் என்று சொல்லி வாங்கிய பழைய நகை உருக்கும்போது 80, 85 டச் காட்டுவது இந்தத் தொழிலில் அன்றாட அனுபவம். அப்படிச் செய்து கொடுத்தவர்களும் பத்தர்கள்தான். ஷோரூமின் ஹால்மார்க் விளம்பரம் இந்த மாவட்டங்களில் அவ்வளவு சுலபமாக எடுபட்டதற்கு அதுவே காரணம். நேர்மையாகச் செய்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்து அடி வாங்குகிறார்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நலவாரியங்களில் பொற்கொல்லர்களுக்கென்று ஒரு வாரியம் உண்டு. பிள்ளைகள் படிப்பு, திருமணம், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள் கிடைக்கும். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் 18 தொழில்களுக்கு வந்தது, பொற்கொல்லர்களும் அதில் சேர்த்தி. குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. பதிலாக, சாதி பார்க்காமல் 35 வயது நிறைந்தவர்களுக்கு எனக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 தொழில்கள், நகை செய்தலும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், உச்சம் 50,000. கொள்கை சரி. தொகைதான் இந்தத் தொழிலுக்குப் பொருந்தவில்லை. மூன்று லட்சம் என்பது பவுன் 90,000 விலையில் மூன்றே கால் பவுனுக்குச் சற்று மேல். மற்றத் தொழில்களில் கச்சாப்பொருள் வாங்கப் போதுமான பணம், இங்கே ஒரு சங்கிலிக்கும் ஒரு மோதிரத்துக்கும் தீர்ந்துவிடும். பணத்தைவிட, மாவட்டத் தலைநகரிலேயே டச் பார்க்கவும் சுத்தம் செய்யவும் லேசர் ஒட்டு வைக்கவும் எல்லாருக்கும் பொதுவான ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தால், திருச்சிக்கு மடியில் தங்கம் கட்டிப் போகும் பயணங்கள் பலவும் மிச்சமாகும்.

அதற்கு முன் செலவே இல்லாமல் ஒன்றைச் செய்யலாம். ஹால்மார்க் விலக்குக்கான 40 லட்சம் ரூபாய் எல்லையை எடைக்கு மாற்றலாம். 2021இல் அந்தத் தொகை குறித்தது ஏறத்தாழ 880 கிராமை. அதே அளவைக் கிராமில் எழுதிவிட்டால் தங்கம் எங்கே ஏறினாலும் சிறிய கடை சிறிய கடையாகவே இருக்கும். இரண்டு மாவட்டங்களின் மக்கள் பிரதிநிதிகளும் நுகர்வோர் விவகார அமைச்சகத்திடம் இதைக் கேட்க வேண்டும்.

பத்தர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ராசராசன் காலத்தில் இறைவனுக்குக் கொடுத்த ஒவ்வொரு நகையும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. ஆடவல்லான் என்னும் பெயர்கொண்ட எடைக்கல்லால் நிறுத்த பொன் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, கல் எத்தனை, முத்து எத்தனை, உள்ளே வைத்த அரக்கும் சேர்த்த எடையா என்பதுவரை எழுதினார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிவைத்த ரசீது அது. இன்று பல பத்தர் கடைகளில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிராமும் ரூபாயும் மட்டும் கிறுக்கித் தருகிறார்கள். நம்பிக்கை போதும் என்பது பழைய காலம். எழுதிக் கொடுக்காத கடையை அடுத்த தலைமுறை நம்பாது.

ஆவணி முகூர்த்தத்துக்கோ தைக்கோ உங்கள் வீட்டுத் தாலியை ஊர்ப் பத்தரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது பழைய தங்கத்தின் எடை, டச், செய்யப்போகும் நகையின் தரம், கூலி நான்கையும் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல் இருந்தால் கல்லின் எடையைத் தனியாகக் கேளுங்கள். வாங்கிய பிறகு சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் 200 ரூபாய் கட்டணத்தில் நான்கு உருப்படிவரை யார் வேண்டுமானாலும் பரிசோதித்துக்கொள்ளலாம். அதற்குச் சம்மதிக்கும் பத்தர்கள் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள்.